ஊருக்கு ஊர் ஒரு வீடியோ கேம்!



உங்களில் எத்தனை பேர் வீடியோ கேம் விளையாடுவீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! எல்லாக் கைகளும் மேலேதான் இருக்கின்றன. பயப்படாதீர்கள். 'கண் கெட்டுப் போகும், படிப்பு கெட்டுப் போகும்' என்று திட்டுவதற்காக நான் வரவில்லை. அந்த வேலையை உங்கள் வீட்டிலேயே நன்றாகச் செய்துகொண்டிருப்பார்கள்!

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். காலையில் முதல் பாடவேளை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்குவான். கொட்டாவிகூட இல்லை, நேராகத் தூக்கம்தான்! இரண்டு நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். மூன்றாவது நாள், நின்றபடியே தூங்கினான். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ஏன்டா, ராத்திரி என்னதான் பண்றே?"

"கேம் ஆடுவேன் டீச்சர். அப்பா வேலை முடிஞ்சு பத்தரை மணிக்குத்தான் வருவாங்க. வீட்டுல அவங்க போன் மட்டும்தான் இருக்கு. அதுக்கு அப்புறம்தான் கிடைக்கும்."

"ஒரு நாள் ஆடாம தூங்கக் கூடாதா?"

"டீம் டீச்சர்! நான் வரலேன்னா என்னைத் தூக்கிட்டு வேற ஆளைச் சேர்த்துடுவாங்க."

"டீமில் யார் யார்?"

"ரெண்டு பேர் நம்ம ஊரு. ஒருத்தன் இந்தோனேசியா, ஜகார்த்தா."

நான் அவனிடம், "நீ பதினொன்றரை மணிக்கு ஆடும்போது ஜகார்த்தாவில் மணி என்ன?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தின் முன்னால் இருவரும் நின்றோம். ஜகார்த்தா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அப்படியானால் அங்கே நள்ளிரவு ஒரு மணி! "அவனும் ஸ்கூல் பையன்தான் டீச்சர்" என்றான் மெதுவாக. அவனையும் ஒரு டீச்சர் வெளியே நிற்க வைத்திருப்பாரோ?

அன்று எனக்கு ஒரு ஆர்வம் பிறந்தது. மற்ற நாட்டுக் குழந்தைகள் எதை, எங்கே, எப்படி விளையாடுகிறார்கள்? தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன். வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்!

சீட்டுக்கட்டில் தொடங்கிய ஜப்பான்

நின்டெண்டோ என்ற நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரியோ என்ற மீசைக்காரரை உருவாக்கியவர்கள். இந்த நிறுவனம் எப்போது தொடங்கியது தெரியுமா? 1889-இல்! அப்போது வீடியோவும் இல்லை, கேமும் இல்லை. கியோட்டோ நகரில் 'ஹனஃபுடா' என்ற சீட்டுக்கட்டைக் கையால் செய்து விற்றார்கள். ஹனஃபுடா என்றால் 'மலர்ச் சீட்டு'. 12 மாதங்களுக்கும் மாதத்துக்கு 4 சீட்டு, மொத்தம் 48. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மரமோ மலரோ வரைந்திருக்கும்.

1978-இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாக மேலிருந்து இறங்கி வருவார்கள். நாம் சுட வேண்டும். இதை உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. அந்தக் காலத்து இயந்திரத்துக்கு வேகம் போதாது. திரையில் நிறைய எதிரிகள் இருந்தால் திணறித் திணறி நகர்த்தும். எதிரிகள் குறையக் குறைய அதன் சுமையும் குறையும். அதனால் மிச்சமிருக்கும் எதிரிகள் விறுவிறுவென்று ஓடுவார்கள்! இது இயந்திரத்தின் குறை. ஆனால் அதனால் ஆட்டம் சூடு பிடிப்பதைக் கண்ட நிஷிகாடோ, அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்.

ஜப்பானியப் பிள்ளைகள் முதலில் 'கேம் சென்டர்' என்ற கடைகளில் காசு போட்டு விளையாடினார்கள். 1983-இல் நின்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை விற்றது. அதை டி.வி.யில் மாட்டினால் போதும். கேம் வீட்டுக்குள் வந்துவிட்டது!

அடுத்து நடந்தது வேடிக்கை. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. 'டிராகன் குவெஸ்ட் 3' என்ற விளையாட்டு அன்று விற்பனைக்கு வந்தது. கடை வாசல்களில் நீண்ட வரிசை. அதில் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகளும் நின்றார்கள்! போலீஸார் அவர்களைப் பிடித்தார்கள். நாடெங்கும் பேச்சாகிவிட்டது. இதற்காக ஜப்பான் அரசு ஒரு சட்டமே போட்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது கட்டுக்கதை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த பாகமான 'டிராகன் குவெஸ்ட் 4' வெளியானது 1990 பிப்ரவரி 11-இல். அது ஞாயிற்றுக்கிழமை!

வேலை போனது, கடை வந்தது!

ஜப்பானுக்குப் பக்கத்து நாடு தென்கொரியா. பக்கத்தில் இருந்தும் ஜப்பான் பெட்டிகள் அங்கே அவ்வளவாகப் பரவவில்லை. ஏன்? 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. விடுதலைக்குப் பிறகு ஜப்பானியத் திரைப்படம், பாட்டு போன்றவற்றுக்கு நீண்ட காலம் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 1998-இல்தான் அதைப் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார்கள். ஜப்பான் எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களைக் கொண்டுவரவும் தடைகள் இருந்தன.

1997-இல் கொரியாவில் பெரிய பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. நிறைய பேருக்கு வேலை போனது. அவர்களில் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு, வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்துக் கடை திறந்தார்கள். அந்தக் கடைக்குப் பெயர் 'பி.சி. பாங்'. 'பாங்' என்றால் கொரிய மொழியில் அறை. நம் ஊர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான். ஆனால் அங்கே விளையாட்டுதான் முக்கியம். பசித்தால் சூடான நூடுல்ஸும் கிடைக்கும். அதே நேரத்தில் அரசும் அதிவேக இணையத்தை நாடு முழுவதும் கொண்டு சென்றது.

1998-இல் 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற அமெரிக்க விளையாட்டு வந்தது. அமெரிக்காவில் செய்தார்கள், கொரியாவில் கொண்டாடினார்கள்! விளையாட்டுப் போட்டிகளைக் காட்டுவதற்கென்றே 2000-இல் ஒரு டி.வி. சேனல் தொடங்கியது. 2004-இல் பூசான் நகரக் கடற்கரையில் ஓர் இறுதிப் போட்டி நடந்தது. அதைப் பார்க்கச் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொன்னார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் கூடுகிற மாதிரி!

கொண்டாட்டம் இருந்தால் தலைவலியும் இருக்குமே. பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 2011-இல் கொரியா ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது. இதற்கு 'சின்ட்ரெல்லா சட்டம்' என்று செல்லப் பெயர். சின்ட்ரெல்லா கதையில் 12 மணி அடித்தால் மாயம் கலைந்துவிடுமே, அதனால்தான்.

சட்டம் பலித்ததா? பிள்ளைகள் அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மொபைலுக்கு மாறினார்கள். மொபைலுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை! 2021-இல் இன்னொரு கூத்து. 'மைன்கிராஃப்ட்' தெரியுமல்லவா? கட்டம் கட்டமாக வீடு கட்டும் விளையாட்டு. அதில் நுழையும் முறை மாறியபோது, இந்தச் சட்டத்தின் காரணமாகக் கொரியாவில் மட்டும் அது பெரியவர்களுக்கான விளையாட்டாகிவிட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் குரல் எழுப்பினார்கள். 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் நீங்கியது. இப்போது பெற்றோரோ பிள்ளைகளோ கேட்டுக்கொண்டால், அவர்கள் சொல்லும் நேரத்துக்கு நிறுவனம் விளையாட்டை மூடிவிடும்.

பாருங்கள், பத்து ஆண்டுகள் கழித்து அவர்கள் வந்து சேர்ந்த இடம், வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது!

வாரத்துக்கு மூன்று மணி நேரம்

சீனா வேறு வழியில் போனது. 2000-இல், டி.வி.யில் மாட்டி ஆடும் பெட்டிகளைச் செய்யவும் விற்கவும் தடை விதித்தது. பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்ற கவலைதான். 2014-இல்தான் தடையைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அவர்கள் கம்ப்யூட்டரிலும், பிறகு மொபைலிலும் ஆடிப் பழகினார்கள்.

2021-இல் இன்னும் கடுமையான விதி வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் மட்டும் இணைய விளையாட்டு ஆடலாம். அதுவும் இரவு 8 மணியிலிருந்து 9 மணி வரைதான்! சாதாரண வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம். சொந்தப் பெயரையும் அடையாளத்தையும் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அங்கேயும் சில பிள்ளைகள் தாத்தா, பாட்டி பெயரில் நுழைகிறார்களாம்! தடுப்பது எவ்வளவு கடினம் பார்த்தீர்களா?

ஆனால் சீனாவை அதை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். 2024 ஆகஸ்டில் 'பிளாக் மித்: வூகோங்' என்ற சீன விளையாட்டு வெளியாகி, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அதன் நாயகன் ஒரு குரங்கு வீரன். 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீனக் கதையிலிருந்து வந்தவன். ஒரு துறவி புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வருகிறார், அவருக்குத் துணையாகக் குரங்கு வருகிறது என்பது கதை. அந்தத் துறவி கற்பனை ஆள் அல்ல. வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்களே, யுவான் சுவாங்! 7-ஆம் நூற்றாண்டில் வந்தவர். பல்லவர்களின் காஞ்சிபுரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதியவர். உலகமே ஆடும் ஒரு கேமின் வேர் நம் காஞ்சிபுரம் வரை நீள்கிறது!

வாளுக்குப் பதில் முயல் பொம்மை

இப்போது பூமியின் மறுபக்கம், பிரேசில். அங்கே வெளிநாட்டுப் பொருள்களுக்கு வரி மிக அதிகம். கடையில் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம், 'சேகா' என்ற ஜப்பான் நிறுவனத்திடம் அனுமதி வாங்கி, 1989 முதல் 'மாஸ்டர் சிஸ்டம்' என்ற பெட்டியைப் பிரேசிலிலேயே செய்து விற்றது. மற்ற நாடுகள் அந்தப் பெட்டியை மறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பிரேசிலில் அது விற்றுக்கொண்டே இருந்தது!

பெட்டி வந்தது. ஆனால் கதைகள்? பிரேசில் பிள்ளைகளுக்கு மோனிகா என்றால் உயிர். சித்திரக் கதையில் வரும் முன்கோபக்காரச் சிறுமி. அவள் கையில் எப்போதும் நீல நிற முயல் பொம்மை ஒன்று இருக்கும். வம்பு செய்கிறவர்களை அந்தப் பொம்மையாலேயே அடிப்பாள்! 1991-இல் டெக்டாய் ஒரு ஜப்பான் விளையாட்டை எடுத்தது. அதில் ஒரு வீரன் வாளோடு அரக்கர்களை எதிர்ப்பான். அந்த வீரனை எடுத்துவிட்டு மோனிகாவை வைத்தார்கள். வாளை எடுத்துவிட்டு முயல் பொம்மையைக் கொடுத்தார்கள்! எழுத்துகளையும் அவர்கள் பேசும் போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றினார்கள்.

அன்றைக்குப் பிரேசிலில் ஒரு சிறுமி டி.வி. முன்னால் உட்கார்ந்து, தன் மொழியில், தனக்குத் தெரிந்த மோனிகாவைப் பார்த்தபோது எவ்வளவு குதித்திருப்பாள்!

பாம்பும் பாடமும்

பின்லாந்து சின்ன நாடு. குளிர்காலத்தில் பகல் மிகக் குறைவு. வட கோடியில் சில வாரங்கள் சூரியனே எழாது. அங்கே நோக்கியா நிறுவனத்தில் வேலை செய்த டனேலி அர்மான்டோ என்பவர், 1997-இல் வந்த ஒரு செல்போனுக்குள் 'ஸ்நேக்' விளையாட்டை வைத்தார். வளர்ந்துகொண்டே போகும் பாம்பு! உங்கள் அப்பா, அம்மாவைக் கேளுங்கள். அவர்கள் கட்டைவிரல் இன்றும் அதை மறந்திருக்காது. கோபக்காரப் பறவைகளான 'ஆங்கிரி பேர்ட்ஸ்' பறந்து வந்ததும் அதே பின்லாந்திலிருந்துதான், 2009-இல்.

போலந்து நாட்டில் நடந்தது இன்னும் ஆச்சரியம். 'திஸ் வார் ஆஃப் மைன்' என்பது 2014-இல் அங்கே உருவான விளையாட்டு. போர் விளையாட்டுதான். ஆனால் நீங்கள் படைவீரர் அல்ல! குண்டு விழும் நகரத்தில் சிக்கிக்கொண்ட சாதாரண மனிதர். கையில் கொஞ்சம் உணவு, கொஞ்சம் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? 1990-களில் சரயேவோ நகரம் முற்றுகையில் பட்ட துன்பத்தை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள். போலந்து அரசு 2020-இல் இதை மேல்நிலைப் பள்ளிக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. கேம் ஆடினால் பள்ளியில் திட்டுவார்கள், அங்கே பள்ளியே ஆடச் சொல்கிறது! ஆனால் அது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். உடனே தேடக் கிளம்பிவிடாதீர்கள்.

நம் நாட்டில்...

நம் வீடுகளில் டி.வி. பெட்டியும் கேம் கம்ப்யூட்டரும் வாங்குவது எல்லோருக்கும் முடிகிற காரியம் அல்ல. 2016-க்குப் பிறகு மொபைல் டேட்டா விலை சரிந்தது. அதனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேராக மொபைலில்தான் ஆடத் தொடங்கினார்கள். அதுவும் பல வீடுகளில் ஒரே போன். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு வீடியோ கால், பிள்ளைக்குக் கேம். என் மாணவன் இரவு பதினொன்றரை மணிக்கு ஆடியதற்குக் காரணம் இதுதான். கொரியப் பையனுக்குத் தெரு முனையில் பி.சி. பாங். ஜப்பான் பையனுக்கு வீட்டு டி.வி. இவனுக்கு அப்பாவின் போன்.

நம் நாட்டிலும் சாதனைகள் உண்டு. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வீடியோ கேமைக் காட்சிப் போட்டியாகச் சேர்த்தார்கள். அதில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023-இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் அது முதன்முறையாகப் பதக்கப் பட்டியலில் சேர்ந்தது. சண்டை விளையாட்டு ஒன்றில் தங்கம் வென்ற கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது என்ன தெரியுமா? 44! புணேயில் உருவான 'ராஜி' என்ற விளையாட்டு 2020-இல் வந்தது. தம்பியைத் தேடிப் போகும் ஓர் இந்தியச் சிறுமியின் கதை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில விளையாட்டுகள் இலவசம் என்று கூப்பிடும். உள்ளே போனால், 'பெட்டியைத் திற, பரிசு இருக்கலாம்' என்று பணம் கேட்கும். என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கட்ட வேண்டும். 'இது சூதாட்டம்தான்' என்று 2018-இல் பெல்ஜியம் நாடு சொல்லிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றமும் சட்டம் போட்டுத் தடை செய்தது. பெரியவர்களே அதில் பணத்தையும் நிம்மதியையும் இழந்திருக்கிறார்கள். அப்பாவின் போனில் வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்காமல் தொடவே கூடாது. சரியா?

அந்தப் பையன் என்ன ஆனான்?

கேட்பீர்கள் என்று தெரியும்! அவனிடம் நான் ஆடாதே என்று சொல்லவில்லை. "நீ ஆடும் விளையாட்டின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு வகுப்புக்குச் சொல்லு" என்றேன். பத்து நிமிடம் பேசினான். மலை, ஆறு, பாலம், எந்தத் திசையிலிருந்து போனால் பாதுகாப்பு என்று அப்படி விளக்கினான்! வடக்கு எது, தெற்கு எது என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுக்க முயன்றதை அவன் விரல் நுனியில் வைத்திருந்தான். கேட்காமலே இரண்டு நாள் அவனை வெளியே நிற்க வைத்தேனே என்று அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவனிடம் அதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவனே ஒரு தாளில் நேரம் எழுதிக்கொண்டு வந்தான். சனி, ஞாயிறு பகலில் அப்பா வீட்டில் இருப்பார். அப்போது மட்டும் ஆட்டம். மற்ற நாள் பத்து மணிக்குத் தூக்கம். அப்பாவிடமும் பேசிவிட்டானாம்.

"டீமில் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம ஊரு ரெண்டு பேரும் வேற டீமுக்குப் போயிட்டாங்க டீச்சர்." அவன் குரல் கொஞ்சம் கம்மியது. "ஜகார்த்தா பையன் இருக்கான்."

வருத்தம் இருந்தது. ஆனால் மறுபடி என் வகுப்பில் அவன் தூங்கவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

குழந்தைகளே, கொரியாவும் சீனாவும் சட்டம் போட்டுப் பார்த்தும் முழுதாக முடியாத ஒன்றை, ஏழாம் வகுப்புப் பையன் ஒரு தாளில் செய்தான். நீங்களும் செய்யலாம். இந்த ஞாயிறு ஒரு தாள் எடுத்து, இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்:

1. நீங்கள் ஆடும் விளையாட்டை உருவாக்கியது எந்த நாடு? உலக வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்.

2. அது உங்களிடம் பணம் கேட்கிறதா? கேட்டால், அது யார் சம்பாதித்த பணம்?

3. உங்களோடு ஆடும் நண்பரின் ஊரில் இப்போது மணி என்ன? அவர் தூங்க வேண்டிய நேரமா? நீங்கள்?

எழுதியதை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். முடிந்தால் அவர்களையும் ஓர் ஆட்டத்துக்கு உட்கார வையுங்கள். பாம்பு விளையாட்டில் மட்டும் அவர்களிடம் கவனமாக இருங்கள். தோற்றுப் போவீர்கள்!